பொதுமன்னிப்பு என்று நான் சொன்ன நாள்

கொஞ்சக் காலமாக என்னால் வானொலி கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. காலையில் எங்கள் தமிழ் வானொலியைப் போட்டால் நேயர்கள் தொலைபேசியில் வந்து அடிபடுகிறார்கள். விசா இல்லாமல் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கு அனுமதி கொடுக்கலாமா, பராமரிப்பு வேலைக்கென்று கூப்பிட்ட பிள்ளைகளைத் தேவை முடிந்ததும் திருப்பி அனுப்பலாமா என்று ஒரே வாதம். போன கிழமை ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒருவர் வந்தார். "நாங்கள் முறையா வந்த சனம். இவைக்குச் சும்மா தூக்கிக் குடுத்தால் எங்களுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துவிட்டது. அவர் முறையாக வந்த அழகும் எனக்குத் தெரியும். வேறொருவருடைய கடவுச்சீட்டில் வந்து இறங்கியவர். அவருடைய கோப்பைத் திறந்தவளே நான்தான். தொழில் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. வானொலியை மட்டும் நிறுத்தினேன்.

ஐந்து நிமிடம் பொறுக்க முடியாமல் மறுபடி போட்டேன். அறிவிப்பாளர் 'விருந்தினர் தொழிலாளர்' என்று ஒரு சொல்லை எங்கிருந்தோ பிடித்து வந்திருந்தார். உடனே ஒரு பெண்மணி, "விருந்தும் மருந்தும் மூண்டு நாளைக்குத்தானே தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேநீர் சிந்திவிட்டது. எந்த ஊரில் விருந்தாளியைக் கூப்பிட்டு, வீட்டுக்காரரைக் குளிப்பாட்டி மலசலம் துடைக்க விடுகிறார்கள்?

நான் லண்டனில் தோர்ண்டன் ஹீத் பகுதியில் ஒரு சட்ட ஆலோசனை நிலையத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். குடிவரவுக் கோப்புகள்தான் என் வேலை. இப்போது என் மேசையில் ஆரணி என்ற பிள்ளை இருக்கிறாள். "அன்ரி, புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்கினம். உங்கட கேஸ் ஒண்டு எழுதித் தாங்கோவன், ட்ரெயினிங்குக்கு. ஷோர்ட்டா" என்று கேட்டாள். வென்ற வழக்கு ஒன்றை எதிர்பார்க்கிறாள் என்று தெரிகிறது. நான் எழுதப்போவது வென்ற வழக்குத்தான், ஆனால் அவள் நினைக்கிற மாதிரி அல்ல. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு, பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. மன்னாரிலிருந்து கணவரோடு வந்தேன். ஒரு சலவைக்கடையில் நின்றேன். ஆங்கிலம் வாசிப்பேன் என்பதால் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் எல்லோருடைய கடிதங்களும் என் மடியில் வந்து விழும். பார்த்துக்கொண்டிருந்த பங்குத்தந்தை, "இதைச் சம்பளத்துக்குச் செய்யலாமே பிள்ளை" என்று நிலையத்துக்கு அனுப்பிவைத்தார். ஆலோசகர் பரீட்சையில் ஒருமுறை விழுந்து மறுமுறை எழும்பினேன். அவ்வளவுதான்.

உண்மையில் எனக்குத் தொழில் படிப்பித்தவர் மார்கரெட். எங்கள் தலைமைச் சட்டத்தரணி. அயர்லாந்திலிருந்து வந்து இங்கே வீதி போட்ட தகப்பனுடைய மகள். உயரமான, மெலிந்த மனுஷி. ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். அவர் குரலை இறக்கினால்தான் நாங்கள் பயப்படுவோம். உள்துறையிலிருந்து கடிதம் வந்தால் கடைசிப் பக்கத்தை முதலில் வாசிப்பார். முடிவும் கெடுவும் அங்கேதான் இருக்கும். கெடுத் திகதியைக் கோப்பின் மேலட்டையில் பென்சிலால் எழுதி வட்டம் போட்டபிறகுதான் முதல் பக்கத்துக்குப் போவார். பேனாவால் எழுத விடமாட்டார். கெடு மாறக்கூடியது, பேனாவால் எழுதினால் மாறாது என்று நம்பிவிடுவோம் என்பார்.

அவருடைய இன்னொரு ஒழுங்கு எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. வந்தவரிடம் 'விளங்குகிறதா' என்று கேட்கவே கூடாது. யாரைக் கேட்டாலும் ஆம் என்பார்கள். அதனால் நாங்கள் சொன்னதை அவர்கள் தங்கள் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். "நான் இப்ப என்ன சொன்னனான், உங்கட சொல்லிலை சொல்லுங்கோ" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து. அறுபது வயதுக்காரரைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்புவிக்கச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் எங்களுடைய 'ஓம்' எப்படிப்பட்டது என்று மார்கரெட் எனக்கு முந்தியே கண்டுபிடித்துவிட்டார். "உன்னுடைய ஆட்கள் ஓம் என்றால் சம்மதம் என்று அர்த்தமா, அல்லது நீ பேசுவது காதில் விழுகிறது என்று அர்த்தமா?" என்று ஒருநாள் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இரண்டாவதுதான்.

அவர் விலக்கிவைத்த சொல் ஒன்றும் இருந்தது. தேங்கிக் கிடந்த பழைய தஞ்சக் கோரிக்கைகளை முடித்து வைக்கிறோம் என்று அரசாங்கம் ஒரு வேலை தொடங்கியிருந்த காலம். பழைய ஆட்களுக்குக் கேள்விப் படிவம் வரும். நிரப்பி, படம் ஒட்டி அனுப்ப வேண்டும். பத்திரிகைகள் அதைக் கொல்லைப்புறப் பொதுமன்னிப்பு என்று திட்டி எழுதின. அரசாங்கமோ அப்படி ஒன்றுமே இல்லை என்று சத்தியம் செய்தது. "அது சண்டை பிடிக்கிறவர்களின் சொல். எங்கள் மேசைக்கு அதைக் கொண்டுவராதே" என்று மார்கரெட் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினேன்.

அந்தக் காலத்தில்தான் யூட் வந்தார். மன்னாரில் மீன்பிடிக் குடும்பம். ஊரில் சமாதானம் என்று சொல்லப்பட்ட நாட்களில் இங்கே வந்தவர். "அங்கேதான் சமாதானமாயிற்றே, உனக்கென்ன ஆபத்து" என்று கேட்டுத் தஞ்சக் கோரிக்கையை மறுத்திருந்தார்கள். மேன்முறையீடும் தோற்றது. கொஞ்சக் காலம் மாதாமாதம் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ச் சைன் வைத்தார். ஒருநாள் அவருக்கு முன்னால் வரிசையில் நின்றவரை உள்ளே கூட்டிப்போய்த் திரும்ப விடவில்லை. அன்றோடு போவதை நிறுத்திவிட்டு ஒரு உணவகச் சமையலறைக்குள் மறைந்துவிட்டார். அவருடைய படிவம் பழைய கோப்பின் விலாசப்படி எங்கள் நிலையத்துக்கு வந்தது. பங்குத்தந்தை மூலம் சொல்லியனுப்பி ஆளைப் பிடித்தோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வெளியே இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். யூட் கதிரையின் விளிம்பில், எழும்பி ஓடுகிறவர் மாதிரி இருந்தார். கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. அவர் ஊரிலிருந்து வெளிக்கிடும்போது மனைவி வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது என்று படத்தை எடுத்துக் காட்டினார். முன்பல் விழுந்த சிறுமி, பள்ளிச் சீருடையில். எனக்கு மனம் இளகிவிட்டது. இந்த மனுஷனுடைய பயத்தை எப்படியாவது தெளிவிக்க வேண்டும் என்று அவசரப்பட்டேன்.

"தம்பி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. இது ஒரு பொதுமன்னிப்பு மாதிரித்தான். விலாசத்தையும் படத்தையும் குடுத்துப் பதிஞ்சால் சரி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நான் என்ன பிழை செய்தனான் அக்கா, மன்னிக்க?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது. நீங்கள் ரெண்டு படம் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாங்கோ. மிச்சத்தை நான் நிரப்புறன்."

"ஓம் அக்கா."

"படம் மறந்திடாதேங்கோ."

"ஓம் ஓம். அப்ப வாறன் அக்கா."

திருப்பிச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. தமிழுக்குத் தமிழ், அதுவும் மன்னாருக்கு மன்னார், இதில் ஒப்புவிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன். குறிப்புத்தாளில் 'வருவதாகச் சொன்னார்' என்று எழுதினேன்.

திங்கள் வரவில்லை. அந்தக் கிழமையும் வரவில்லை. உணவகத்தில் விசாரித்தால் வேலையை விட்டுப் போய்விட்டாராம். பங்குத்தந்தைக்கும் தெரியவில்லை. கெடு முடிந்த அன்று மார்கரெட் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வருவதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே."

"நாங்கள் போகும்போது அப்படித்தான் சொல்வோம். வாறன் என்றால் போகிறேன் என்று அர்த்தம்."

மார்கரெட் சிரிக்கவில்லை. ஒரு வெற்றுத்தாளை என் பக்கம் தள்ளினார். யூட்டிடம் நீ சொன்னதைத் தமிழில் அப்படியே எழுது, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கிலத்தில் எழுது என்று குரலை இறக்கிச் சொன்னார். எழுதினேன். தமிழ் வரியில் பொதுமன்னிப்பு என்றே எழுதினேன். அதற்குக் கீழே ஆங்கிலத்தில், பழைய கோரிக்கைகளை முடித்துவைக்கும் ஏற்பாடு என்று எழுதினேன். மார்கரெட்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தை இரண்டுமுறை வாசித்தார், தலையை ஆட்டினார், கோப்பில் கோத்தார். இருபத்தாறு வருடத்தில் நான் தெரிந்தே செய்த பொய் மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். அது என் சொந்தச் சொல்லுக்கே செய்தது.

எங்கள் நிலையத்திலிருந்து அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பியவர்களில் அநேகம் பேருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. சிலர் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். திருநாட்களில் கோயிலில் அந்தக் குடும்பங்களைப் பார்ப்பேன். பூசையில் மனம் நிற்காது. அரசாங்கம் அந்த வேலையை முடித்து மூடியது. மார்கரெட் ஓய்வு பெற்றுப் போனார். அவர் போகும் நாளிலாவது சொல்லியிருக்கலாம். கேக் வெட்டினோம், படம் எடுத்தோம், சொல்லவில்லை.

பதின்மூன்று வருடம் கழித்து யூட் திரும்ப வந்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் இருபது வயதுப் பெண். முன்பல் விழுந்த அந்தச் சிறுமிதான். டிலானி. ஊரில் தாயை விட்டுவிட்டு, பராமரிப்பு வேலை விசாவில் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்கு வந்திருந்தாள். தகப்பன் அவளைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகப் பயந்து, பார்க்கிங் ஸ்டேஷன் வாசலில் மூன்று மணித்தியாலம் நின்றிருக்கிறார். இரண்டு பேரும் முதன்முதலாக நேரில் பார்த்துக்கொண்டது அங்கேதான். வந்து ஒரு மாதத்துக்குள் அவளே தொலைபேசியில் தேடி, இருபது வருடம் தொடர்ந்து இருந்தவர் விண்ணப்பிக்கலாம் என்ற சட்டத்தைக் கண்டுபிடித்துத் தகப்பனை இழுத்து வந்திருந்தாள்.

"அப்பா வரமாட்டன் எண்டவர் அன்ரி. நான்தான் வெருட்டிக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

நான் அவளுக்குப் பதில் சொல்லாமல் யூட்டிடம் கேட்டேன்.

"ஏன் தம்பி அண்டைக்கு வரேல்லை?"

அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"உங்களில பிழை இல்லை அக்கா. நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னியள். கடைசிச் சண்டை முடியிற நேரம் ஒலிபெருக்கியிலையும் அதைத்தான் சொன்னவையாம். இயக்கத்தில ஒரு நாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ, பொதுமன்னிப்பு எண்டு. எங்கட அம்மாதான் தம்பியைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் விட்டவ. விலாசம் கேட்டவை, படம் எடுத்தவை. பஸ்ஸில ஏத்தினவை. இண்டைக்கு வரைக்கும் இல்லை."

யூட்டின் கோப்பிலே தம்பி என்று ஒரு பெயர் இருந்தது. அவர் முதலில் என் முன்னால் வந்திருந்த அந்த வருடம் வன்னியில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லியிருந்தால், அந்த இடத்திலேயே அவர் வாய் தடுமாறியிருக்கும், எனக்கு விளங்கியிருக்கும். ஒரு நிமிட வேலை.

அவர் அதைச் சொன்னபோதும் அந்தச் சொல்லை ஊர்க்காரர் சொன்னதாக, ஒலிபெருக்கி சொன்னதாகத்தான் சொன்னார். தனக்கென்று அதைக் கேட்டு வாங்கும் ஆள் அவர் இல்லை. எனக்கு அன்றிரவெல்லாம் நித்திரை இல்லை. இந்த வழக்கை வென்றே தீருவது என்று முடிவு செய்தேன். அதில் பாதி அவருக்காக, பாதி எனக்காக.

இருபது வருடம் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி? ஒளிந்து வாழ்ந்தவரிடம் வங்கிக் கணக்கு இல்லை, வீட்டு ஒப்பந்தம் இல்லை, வைத்தியரிடம்கூடப் பதியவில்லை. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு கடதாசியாவது வேண்டும். சமையலறை முதலாளிமார் தங்கள் தலைக்கு வரும் என்று கையெழுத்துப் போட மறுத்தார்கள். மேசையில் வருடங்களை ஒரு தாளில் எழுதிவிட்டு, எதிரே வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நானும் அவரும் நாலு சனிக்கிழமை இருந்தோம்.

ஐந்தாவது சனிக்கிழமை பேச்சோடு பேச்சாக, "அண்டைக்கு எனக்கு நேரமில்லை அக்கா, ஞானப்பிள்ளையின்ர பிறந்தநாள்" என்றார்.

"எந்த ஞானப்பிள்ளை?"

"எனக்குப் பதினொண்டு இருக்கு."

ஒற்றை ஆள், குடும்பம் இல்லை, கேட்டால் மறுக்கமாட்டார். அதனால் கூட வேலை செய்தவர்கள், அறையில் கூட இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பனாக அவரைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் திகதி இருக்கும், ஞானத்தகப்பனுடைய பெயர் இருக்கும், சில கோயில்களில் கையெழுத்தும் இருக்கும். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அடுத்த இரண்டு மாதமும் லண்டன் கோயில் கோயிலாக அலைந்தேன். பதினொரு பதிவுகள், பதினொரு குருமாரின் கடிதங்கள், கொண்டாட்டப் படங்கள். மிச்ச வருடங்களை அந்தத் தாய் தகப்பன்மாரின் சத்தியக் கடிதங்களால் அடைத்தோம். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் பென்சிலால் வருடம் போட்டேன். டிலானி வேலை முடிந்த கையோடு வந்து படங்களை வரிசைப்படுத்துவாள். ஒரு படத்தை நீட்டி, "இதில அப்பா ஆரின்ரையோ பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிறார். அப்ப எனக்கும் அந்த வயசுதான்" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. நான் ஓய்வு பெற ஒரு கிழமை இருந்தபோது கடிதம் வந்தது. கடைசிப் பக்கத்தை முதலில் வாசித்தேன். அனுமதி. இரண்டரை வருடத்துக்கு, பிறகு புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்து வருடம் போக வேண்டும். என்றாலும் அனுமதி அனுமதிதான். தொலைபேசியில் சொன்னதும் யூட் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் உடனே வந்தார்கள். டிலானியின் கையிலும் ஒரு கடிதம் இருந்தது.

அவளைக் கூப்பிட்ட பராமரிப்பு நிறுவனத்திடமிருந்து, வெளிநாட்டு ஆட்களை எடுக்கும் லைசன்ஸை அரசாங்கம் பறித்துவிட்டது. பிழை நிறுவனத்தினுடையது, கடிதம் வந்தது அவளுக்கு. அறுபது நாளுக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். தகப்பனிடம் சொல்லாமல் தானே தேடிப் பார்த்து நாற்பத்தொரு நாளைக் கழித்திருந்தாள். இருபத்தொரு வயது கடந்த மகளை, இரண்டரை வருட அனுமதியில் இருக்கும் தகப்பனோடு சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. பிறகு ஆரணியும் மிச்ச நாட்களில் தொலைபேசி தொலைபேசியாக எடுத்துப் பார்த்தாள். ஒரு நிறுவனமும் டிலானியை வேலைக்கு எடுக்கவில்லை. அவள் ஐம்பத்தொன்பதாம் நாள் மன்னாருக்குப் போனாள். அது பிறகு நடந்தது.

அன்றைக்கு இரண்டு கடிதங்களும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். தமிழ் வரியையும் கீழே நான் எழுதிய ஆங்கிலத்தையும் காட்டினேன். அந்தச் சொல்லைச் சொல்லவேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், நான் சொன்னேன், பிறகு மறைத்தேன் என்றேன். அந்தப் படிவம் போயிருந்தால் நிரந்தர வதிவிடமே கிடைத்திருக்கக்கூடும், பிள்ளையையும் தாயையும் அப்போதே கூப்பிட்டிருக்கலாம் என்பதையும் சொன்னேன். யூட்டுக்கு அது அதுவரை தெரியாது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி."

யூட் தாளைத் தொடாமல் பார்த்தார். டிலானிதான் பேசினாள்.

"எனக்கு அப்ப ஏழு வயசு அன்ரி."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தன் கடிதத்தை எடுத்து மடித்து உறைக்குள் வைத்தாள். யூட் அவளுடைய கையைப் பிடித்துத் திரும்பவும் அந்தக் கடிதத்தை வாங்கி என் முன்னால் விரித்தார்.

"என்ர கதையை விடுங்கோ அக்கா. இவளுக்கு ஏதும் இல்லையோ? நீங்கள் அண்டைக்கு எனக்குச் சொன்னியளே, பொதுமன்னிப்பு. அது இவளுக்குக் கிடைக்காதோ?"

"அது பிழை செய்த ஆக்களுக்குத்தான் தம்பி," என்றேன். "இவள் ஒரு பிழையும் செய்யேல்லை."